அங்கொடை என்னும் சொல்

'ஊர் திரண்டது' என்கின்றோம். மண்ணும் மரமும் மதிலும் திரள்வதில்லை. ஊரில் வாழும் மக்களே திரண்டனர். இவ்வாறு ஓர் இடத்தின் பெயர் அவ்விடத்துள்ள பொருளுக்கு ஆகி வருதலை நம் இலக்கண நூலார் இடவாகுபெயர் என்றனர். ஆயின், சில ஊர்ப்பெயர்கள் இவ்வளவில் நின்றுவிடுவதில்லை. தம் எல்லையைக் கடந்து ஓர் எண்ணத்துக்கே பெயராகிவிடுகின்றன. சகோதரர் இருவர் காணிக்காகச் சண்டையிடும் வீட்டைக் குருக்ஷேத்திரம் என்கின்றோம். 1815ஆம் ஆண்டில் நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூ, மீளவொண்ணாத தோல்வி எதற்கும் பெயராயிற்று. இவ்வாறு உருவகமாகிவிட்ட ஊர்ப்பெயர்களுள் நம் நாட்டுக்குரியதொன்றை இங்கு ஆராய்வோம். அதுவே அங்கொடை.

அங்கொடை கொழும்பு மாவட்டத்தில் உள்ளதோர் ஊர். அங்கே 1920களில் அரசினர் உளநோய் வைத்தியசாலை ஒன்றை நிறுவினர். காலப்போக்கில் ஊரின் பெயர் வைத்தியசாலைக்கு ஆயிற்று. 'அவரை அங்கொடையில் வைத்திருக்கின்றார்கள்' என்றால் வைத்தியசாலையையே குறித்தது. இது முதற்படி, இடவாகுபெயர். பின்னர், வைத்தியசாலையை ஒருபோதும் காணாதாரும், பொருந்தாத சொல் சொல்பவனை நோக்கி, 'இவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' எனக் கூறலாயினர். இங்கே அங்கொடை என்பது ஊருமன்று, வைத்தியசாலையுமன்று. சித்தம் கலங்கிய நிலையைச் சுட்டும் உருவகம். இஃது இரண்டாம் படி.

இவ்வழக்கு நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. தமிழகத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் சொல் இதே பொருளில் வழங்குகின்றது. 1794ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை பின்னர்க் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியமையே இதற்குக் காரணம். வட இந்தியாவில் ராஞ்சி நகரின் பெயரும் இவ்வாறே கேலிக்கு இலக்காயிற்று.

இவ்வினத்தில் மிகப் பழைய எடுத்துக்காட்டு ஆங்கில மொழியில் உண்டு. 1247ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பெத்லகேம் மரியன்னையின் பெயரால் ஒரு மடம் தாபிக்கப்பட்டது. எபிரேய மொழியில் பெத்லகேம் என்பதற்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அம்மடத்தில் 1403ஆம் ஆண்டளவில் உளநோயாளர் தங்கியிருந்தனர். மக்கள் வாயிற் பெத்லகேம் 'பெட்லம்' எனத் திரிந்தது. பிற்காலத்தில் அங்குள்ள நோயாளரை வேடிக்கை பார்க்க நகரத்தார் திரண்டு செல்வர். 1770ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கம் கட்டுப்படுத்தப்பட்டது. அந்தக் கூச்சலும் குழப்பமும் நிறைந்த காட்சியிலிருந்தே, பெட்லம் என்னும் சொல் பேரமளி எதனையும் குறிக்கலாயிற்று.

இன்று ஆங்கிலம் பேசுவோர் சந்தை இரைச்சலைப் பெட்லம் எனும்போது மடத்தையோ நோயாளரையோ நினைப்பதில்லை. மூலம் மறைந்து, உருவகம் தனிச் சொல்லாகிவிட்டது. இது மூன்றாம் படி. ஆதலின் அச்சொல் இப்பொழுது எவரையும் அவ்வளவாக வருத்துவதில்லை.

அங்கொடையோ இன்னும் இரண்டாம் படியிலேயே நிற்கின்றது. சொல்பவன் வைத்தியசாலையை எண்ணியே சொல்கின்றான். கேட்பவனும் அதனை எண்ணியே சிரிக்கின்றான். அதே வேளையில் அங்கே நோயாளர் சிகிச்சை பெறுகின்றனர். வைத்தியரும் தாதியரும் பணியாற்றுகின்றனர். வைத்தியசாலையுடன் யாதொரு தொடர்புமில்லாத ஊரவரோ, தம் முகவரியைச் சொல்லும்போதே நகைப்புக்கு ஆளாகின்றனர். 2008ஆம் ஆண்டில் வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் மக்கள் நாவில் பழைய சொல்லே நின்றது. பலகையிலுள்ள பெயரை அரசினர் மாற்றலாம். வழக்கிலுள்ள பொருளை மாற்ற வல்லவர் பேசுவோரே.

இஃது வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஓர் இளைஞன் உறக்கமிழந்து, உணவை வெறுத்து, எவருக்கும் கேளாத குரல்கள் தனக்குக் கேட்பதாகக் கூறுகின்றான் என வைத்துக்கொள்வோம். வைத்தியரிடம் காட்டுவோம் எனத் தாய் எண்ணுகின்றாள். 'அங்கொடைக்கா?' என வீட்டில் ஒருவர் வினவுகின்றார். அயலார் என்ன சொல்வர், தங்கையின் கலியாணம் என்னாகும் என்னும் அச்சம் அவ்வொரு சொல்லிலேயே அடங்கியுள்ளது. மாதங்கள் கழிகின்றன, தொடக்கத்தில் எளிதாகத் தணித்திருக்கக்கூடிய நோய் முற்றிவிடுகின்றது. உளநோய்க்கும் மருந்து உண்டு; இன்று நாட்டின் பல பொது வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன; வெளிநோயாளராகவே சிகிச்சை பெற்றுத் தம் தொழிலைத் தொடர்வோர் பலர். இவ்வுண்மைகள் அச்சொல்லின் நிழலில் மறைந்துபோகின்றன.

உருவகம் மொழிக்கு வளம் தருவது; அதனை விலக்குமாறு எவரும் கேட்கவில்லை. ஆனால் நண்பனின் பிழையை எள்ளி நகையாட ஆயிரம் சொற்கள் தமிழில் உள. நோயுற்றோர் நலம் நாடிச் செல்லும் ஓர் இடத்தின் பெயரை அதற்கு எடுத்தாளவேண்டிய வறுமை நம் மொழிக்கு இல்லை. அங்கொடை என்னும் சொல்லை ஊரின் பெயராக ஊருக்கே மீட்டுக்கொடுத்தல் நமக்கு இயலுவதொன்றே.