இதயம் இறைப்பது எத்தனை மில்லி லிட்டர்?

தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் மண் குதிர் பார்த்திருக்கிறீர்களா? வட்டமான உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியிருப்பார்கள். எல்லா உறைகளும் ஒரே அகலம் இரா. அதில் எவ்வளவு நெல் பிடிக்கும் என்று கேட்டால் இரு வழிகளில் விடை சொல்லலாம். எட்ட நின்று உயரத்தையும் பருமனையும் பார்த்து, “இத்தனை கலம் இருக்கும்” என்று மதிப்பிடலாம். அல்லது ஒவ்வோர் உறையின் பரப்பையும் உயரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டலாம். இரண்டாவது வழியில் குதிர் எவ்வளவு கோணலாக இருந்தாலும் கவலையில்லை.

இதயத்தை அளப்பதிலும் இந்த இரு வழிகள்தாம் உள்ளன.

உடல் முழுவதற்கும் இரத்தம் இறைக்கும் பம்பு, இதயத்தின் இடது கீழறை. அது விரிந்திருக்கும்போது 120 மில்லி லிட்டர் இரத்தம் இருக்கிறது, சுருங்கி முடிந்ததும் 48 மில்லி லிட்டர் மிஞ்சுகிறது என்று கொள்வோம். ஒரு துடிப்பில் வெளியேறியது 72 மில்லி லிட்டர். 120-க்கு 72 என்றால் 60 விழுக்காடு. இதை வெளியேற்ற விழுக்காடு எனலாம். முழுவதும் ஏன் காலியாகவில்லை என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல இதயமும் அப்படித்தான். ஒருபோதும் முற்றிலும் காலியாவதில்லை.

இந்த எண்ணை நம்பிப் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அது 35 அல்லது அதற்குக் கீழே போய்விட்டால், தாறுமாறான துடிப்பைத் தடுக்கும் மின்கருவியை மார்பில் பொருத்துவதா என்று மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். சித்திரையில் 40 என்றும் ஆவணியில் 34 என்றும் வந்தால், நோய் முற்றியதா, அளவு பிசகியதா? நோயாளியின் வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது.

வழக்கமான எக்கோ சோதனை, கேளா ஒலியைக் கொண்டு இதயத்தின் ஓரிரு வெட்டுமுகங்களைப் பார்த்து, மற்றப் பக்கமும் சீராகவே இருக்கும் என்று கொண்டு கணக்கிடுகிறது. செலவு குறைவு, படுக்கையருகிலேயே செய்யலாம். முதற் சோதனையாக அதுவே இருப்பதுதான் சரி. ஆனால் மாரடைப்புக்குப் பின் சுவரின் ஒரு பகுதி செயலிழந்து புடைத்திருந்தால், ‘சீரான வடிவம்’ என்ற அனுமானம் காலை வாரிவிடும்.

இங்கேதான் காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., உதவுகிறது. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். 1.5 டெஸ்லா காந்தத்துள், அதாவது தஞ்சையில் நிலவும் பூமியின் காந்தப்புலத்தைப்போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேலான புலத்தில், அது நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை பம்பரம்போல் தலைசுற்றும். அதே அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையை அனுப்பினால் புரோட்டான்கள் ஏற்கும்; பின் தாமே ஒரு குறிப்பலையைத் தரும். புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றி வைத்தால் அதிர்வெண்ணும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வேண்டிய ஒரு துண்டிலுள்ள புரோட்டான்களை மட்டும் பேச வைக்கலாம். எக்ஸ்-கதிர் ஏதும் இல்லை.

இப்படிக் கீழறையை அடிமுதல் நுனிவரை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாகப் படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் இரத்தம் நிற்கும் பரப்பை அளந்து, இடைவெளியால் பெருக்கிக் கூட்டினால் கொள்ளளவு கிடைத்துவிடும். நம் குதிரின் உறைக்கணக்கேதான்!

ஆனால் குதிர் அசையாது. இதயம் ஓயாது துடிக்கும். ஒரே துடிப்பில் படம் முழுவதையும் எடுக்க நேரம் போதாது. எனவே இதயத்தின் மின்குறியைத் தாளமாகக் கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் ஒவ்வொரு தட்டுக்கும் உரிய செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பல துடிப்புகளைக் கொண்டு ஒரு துடிப்பின் படத்தை ஒட்டுகிறார்கள். அதுவரை பத்துப் பதினைந்து நொடி மூச்சை அடக்க வேண்டும். தாளம் தப்பும் இதயமானால் படம் கலங்கும். அது இம்முறையின் குறை.

கொள்ளளவு தெரிந்தால் போதுமா? கல்லணையில் திறந்த தண்ணீர் அத்தனையும் கடைமடைக்குப் போய்ச் சேர்கிறதா என்று டெல்டாக்காரரைக் கேட்டுப் பாருங்கள்! இதயத்திலும் அந்தக் கேள்வி உண்டு. வால்வு சரியாக மூடாவிட்டால், கீழறை தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்பிவிடும். நம் நாட்டில் சிறு வயதில் வாதக் காய்ச்சல் கண்டவர்கள் பலருக்கு இந்தக் கோளாறு உண்டு.

ஓடும் நீரை எப்படி அளக்கிறார்கள்? கால்வாயின் குறுக்குப் பரப்பையும் நீரின் வேகத்தையும் பெருக்குகிறார்கள். இதயத்துக்கு வெளியே, பெருந்தமனியிலும் அதையே செய்யலாம். நகரும் புரோட்டான் தன் வேகத்துக்கு ஏற்பக் குறிப்பலையின் கட்டத்தை மாற்றுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கிடைக்கிறது.

ஓட்டம் காந்த ஒத்ததிர்வில் தடயம் விடும் என்பதைத் தொடக்கத்திலேயே கண்டவர் நம் நாட்டவர். இந்த ஒத்ததிர்வு பொருள்களில் கண்டறியப்பட்டது 1946-இல். ஐந்தே ஆண்டுகளில், 1951-இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் குறிப்பலை மாறுவதை ஆராய்ந்து வெளியிட்டார். ரேடியோ அலையை ஏற்றுத் ‘தெவிட்டிய’ புரோட்டான்கள் நகர்ந்துபோக, புதியவை வந்து குறிப்பலையை மீட்கின்றன என்பது அதன் சாரம். அப்போது படமெடுப்பு என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. அது 1973-இல்தான் வந்தது.

இனி ஒரு கணக்கு. ஒருவரின் கீழறை விரிந்தபோது 180, சுருங்கியபோது 80 மில்லி லிட்டர். வெளியேறியது 100, விழுக்காடு ஏறக்குறைய 56. நல்ல இதயம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெருந்தமனியில் அளந்தபோது ஒரு துடிப்புக்கு 60 மில்லி லிட்டரே ஓடுகிறது. மற்ற வால்வுகள் சரியாக இருந்தால், மிச்சம் 40-உம் கசியும் வால்வு வழியே பின்னோக்கித்தான் போயிருக்க வேண்டும். மாடி ஏறினால் அவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்பது இப்போது விளங்கும்.