வோட்டர் ஜாபிதாவும் பெயர்ப் பதிவும்

சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் பெயரில்லாதவர் மகாசபையில் வோட்டளிக்க இயலாது. இந்தியப் பார்லிமெண்டுத் தேர்தலுக்கும் நியதி அதுவே. அடையாளச் சீட்டு கையிலிருப்பினும், வோட்டர் ஜாபிதாவில் பெயரில்லையேல் வோட்டில்லை.

1935-ம் வருஷத்துச் சட்டம் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதியுடைய சிலருக்கே வோட்டுரிமை அளித்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் 21 வயது நிரம்பிய பிரஜைகளுக்கெல்லாம் அதனை வழங்கியது. 1989 முதல் 18 வயதே போதும். ஆயினும் உரிமை வேறு, பதிவு வேறு. 1951-52-ம் வருஷத் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்த காலத்தில், பெரும்பாலும் வட இந்தியாவில், ஸ்திரீகள் பலர் தம் பெயரைக் கூறாது இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதுவித்தனர். இவ்வாறு சுமார் 28 லட்சம் ஸ்திரீகள் வோட்டிழந்தனர். குறை அவர்களுடையது மட்டுமன்று. வீட்டிலுள்ள ஆடவரேனும் அப்பெயர்களைச் சொல்லியிருக்கலாம்.

புதிதாகப் பதிய விரும்புவோர் 6-ம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து, வயதுக்கும் வசிப்பிடத்திற்கும் அத்தாட்சியுடன் தத்தம் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதியில் வயது கணக்கிடப்படும். குடிபெயர்ந்தோருக்கும், பெயரில் பிழை கண்டோருக்கும் 8-ம் எண் படிவம் உண்டு. வரைவு ஜாபிதா வெளியானதும் வீட்டார் அனைவரின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தல் நலம். அபேட்சகர்கள் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் கடைசித் தேதி கடந்தபின், அத்தேர்தல் முடியுமட்டும் எப்பெயரும் சேர்க்கப்படமாட்டாது.