உரத்துக்குத் தடை, சம்பளத்தில் பாதி



விவசாயச் சட்டமெல்லாம் கொழும்பில் பேசுற விசயம், நமக்கு என்ன என்று பலர் எங்களிடம் கேட்பதுண்டு. 2021ஆம் ஆண்டை ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

அந்த வருடம் மார்ச் மாதம் வந்த வர்த்தமானியில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. இரண்டு மாதம் கழித்து, மே 6ஆம் திகதி, இன்னொரு வர்த்தமானி வந்தது. வெளிநாட்டிலிருந்து இரசாயன உரமும் பூச்சி, களை மருந்தும் இறக்கக் கூடாது என்றது அது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் நிறைவேற்றவில்லை. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது; அதன் கீழ் அமைச்சர் கையெழுத்து வைத்தால் போதும். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசினோம். இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை, நாங்களும்தான்.

தேயிலை இலைப்பயிர். கொழுந்து எடுக்க எடுக்க மண்ணிலுள்ள தழைச்சத்தும் கூடையோடு போய்விடும். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் யூரியா. சேதனப் பசளை மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் 50 கிலோ யூரியா மூட்டையிலுள்ள தழைச்சத்துக்கு ஒரு டொன்னுக்கு மேல் கூட்டுப்பசளை வேண்டும். அதை மலை உச்சிக்கு யார் சுமப்பது?

செடி உடனே வாடவில்லை. 2021இல் நாட்டில் சுமார் 300 மில்லியன் கிலோ தேயிலை கிடைத்தது. 2022இல் அது சுமார் 250 மில்லியனாக இறங்கியது. தடையை 2021 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்தான். ஆனால் அதற்குள் டொலர் இல்லை, உர விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

செடியில் கொழுந்து குறைந்தது, கேட்கிற கிலோ குறையவில்லை. காலையிலிருந்து நின்று எடுத்தும் தராசில் ஏறாததால் அரைப்பேர் விழுந்த பெண்களை நாங்கள் கண்டோம். 1000 ரூபாய் சட்டத்தில் இருந்தது. அன்றைய கணக்கில் பாதிதான்.

கடைப்பக்கம் என்ன நடந்தது? நெல் விளைச்சலும் விழுந்து, அரிசியை வெளியிலிருந்து இறக்க வேண்டி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. 100 ரூபாய்ச் சாமான் 195 ரூபாய். டொலர் தட்டுப்பாடும் இதற்குப் பெரிய காரணம், எல்லாப் பழியையும் உரத் தடைமேல் போடுவது சரியில்லை. ஆனாலும் அரைப்பேர்ச் சம்பளத்தோடு அந்த விலையைக் கொடுத்தவர்கள் நம்ம ஆட்கள்.

வர்த்தமானி தமிழிலும் அச்சாகிறது. சம்பளம் என்று இல்லாமல் உரம், இறக்குமதி என்று இருந்தாலும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம்.