சென்சாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் பல ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்கேனரை மாட்டுவார்கள். முன் இடது சக்கர சென்சாரில் கோளாறு என்று அது காட்டும். உடனே புது சென்சாருக்கு பில் போடப்படும். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். ஸ்கேனர் சொன்னதில் தவறில்லை. அந்தச் சக்கரத்திலிருந்து சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்பது வரைதான் வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியும். பழுது சென்சாரிலா, ஒயரிலா, கனெக்டரிலா என்று தேடுவது மெக்கானிக்கின் வேலை.

1995-இல் பாஷும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த, இந்த விளக்குக்குரிய சறுக்கல் தடுப்பு ஏற்பாடு (ESC), ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அளவையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஓயாமல் ஒப்பிட்டு, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. இதன் சென்சார்களில் அதிகம் அடிபடுபவை சக்கரத்தை ஒட்டியவைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்திலும் அவற்றின் ஒயர் மடங்கி நிமிர்கிறது. மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். வண்டி நிற்கையில் மல்டிமீட்டர் தொடர்பு இருப்பதாகவே காட்டும். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, ஒயரை அசைத்துக்கொண்டே அளந்தால்தான் விட்டுவிட்டு அறுபடுவது தெரியும். கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம். வீல் பேரிங் மாற்றிய பிறகு பழுது தொடங்கியிருந்தால், பேரிங்கின் காந்த வளையம் உள்ள பக்கம் மாறிப் பொருத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் எத்தனை சென்சார் வாங்கினாலும் பயனில்லை. ஒரே நேரத்தில் பல சென்சார்கள் மீது புகார் வந்தாலோ, முதலில் பேட்டரியையும் எர்த் இணைப்பையும் சோதிப்பதே முறை.

இத்தனைக்கும் நேரம் ஏது, மாற்றிப் பார்ப்பதே சுலபம் என்பார்கள். ஸ்கேனரிலேயே நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒருங்கே வைத்து, நேர் சாலையில் மெதுவாக ஓட்டினால் எது தடுமாறுகிறது என்று சில நிமிடங்களில் புலப்படும். சென்சாரே கெடுவதும் உண்டு. ஒயர் சரி என்று உறுதியானபின் அதை மாற்றுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடுகிறதே என்ற வாதம்தான் ஆபத்தானது. வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் வளைவில் வண்டி சறுக்கும்போது இந்த ஏற்பாடு உதவிக்கு வராது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்சிஏபி சோதனையில் மூன்று நட்சத்திரத்துக்கே இது கட்டாயம் என்பதால், சின்னக் கார்களிலும் இந்த விளக்கு இனி அடிக்கடி கண்ணில் படும். வீல் அலைன்மென்ட் முடிந்த கையோடு அது எரிந்தால், பெரும்பாலும் ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நேர்நிலையை ஸ்கேனர் வழியே மறுபடி பதிவுசெய்தாலே போதும்.