பாம்பும் பழக்கமும்

விலங்குகளை மனிதன் தனக்கு இணங்கச் செய்வதைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. காளையை 'அடக்குகிறோம்', யானையை 'வசப்படுத்துகிறோம்', புறாவைப் 'பழக்குகிறோம்'. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இம்மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நேராக எழுதிவிடுவதுண்டு. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. அடக்குவதற்கு வலிமை வேண்டும். வசப்படுத்துவதற்கு, உணவாலோ பரிவாலோ கவரத்தக்க மனம் அவ்விலங்குக்கு இருத்தல் வேண்டும். பழக்குவதற்கு வேண்டுவன காலமும் பொறுமையுமே. பாம்பை அடக்க முற்பட்டால் அது கடிக்கும். வசப்படுத்தலாம் என்றால் அத்தகைய மனம் அதற்கு இல்லை. இயல்வது பழக்குதல் ஒன்றுதான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சிக்கு இப்போது தேவை இருக்கிறது. மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் அயல்நாட்டு மலைப்பாம்புக் குட்டிகளை வீட்டில் வளர்க்கும் வழக்கம் சிலரிடையே தோன்றியுள்ளது. அந்தமான் தீவுகளிலோ மழைக்காலத்தில் பாம்புக் குட்டியொன்று வீட்டிற்குள் நுழைவது புதுமையன்று. பெரியவர்கள் தடியைத் தேடுகிறார்கள். இளைஞர்களோ, "சிறிய குட்டிதானே, வளர்த்துப் பார்க்கலாமே" என்கிறார்கள். இரண்டுமே தவறான வழிகள். காரணம் அறிய வேண்டுமானால், அந்தக் குட்டியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

இளம்பாம்பு சீறுகிறது, உடலை வளைத்துத் தலையைப் பின்னிழுத்துப் பாய்கிறது, சில வேளைகளில் துர்நாற்றமுள்ள கழிவை வெளியேற்றுகிறது. இதனைச் சினம் என்று நாம் கருதுகிறோம். உண்மையில் அது அச்சமே. முட்டையிலிருந்து வெளிவந்த நாள்முதல் பருந்து, கீரி, உடும்பு, காக்கை, பெரிய பாம்பு ஆகிய அனைத்துக்கும் அது இரையாகத் தக்கது. தாய் அதற்குக் காவலாக நிற்பதில்லை. கை கால்களும் இல்லை. ஓடி ஒளிய இடமில்லாதபோது அதற்கு எஞ்சியிருப்பது வாய் ஒன்றே. வளர்ந்த பாம்பைவிடக் குட்டி விரைவாகக் கடிக்க முற்படுவதற்கு இதுவே காரணம்.

அதன் புலன்களும் நம்முடையவற்றினின்று வேறுபட்டவை. பாம்புக்குப் புறச்செவி இல்லை. தரையின் அதிர்வை உடலாலும் தாடை எலும்பாலும் உணர்கிறது. இமை இல்லை; கண்ணை ஒரு தெளிந்த செதில் மூடியிருக்கிறது. பிளவுபட்ட நாவால் காற்றிலுள்ள மணத்துகளை எடுத்து, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பினால் அறிகிறது. ஆகவே நாம் இனிய சொற்களைப் பேசி அதனைத் தேற்ற முடியாது. நம் கையின் அசைவும் வெம்மையும் மணமுமே அதற்கு நம்மைப் பற்றிய செய்திகள்.

சட்டப்படி வளர்க்கத்தக்க, நஞ்சில்லாத அயல்நாட்டுப் பாம்பொன்றை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அஞ்சும்போது தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. இதன் குட்டியும் புதிய வீட்டிற்கு வந்தவுடன் சீறலாம், கடிக்கலாம். தேர்ந்த வளர்ப்போர் பின்பற்றும் முறை பின்வருமாறு.

முதல் வாரத்தில் அதனைத் தொடுவதே இல்லை. உடல் முழுதும் நெருக்கமாக அடங்கும் அளவிலான மறைவிடமும், தண்ணீரும், ஏற்ற வெப்பமும் தந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டொரு முறை அமைதியாக இரை எடுத்த பின்னரே கை வைக்கிறார்கள். மேலிருந்து கையை இறக்குவதில்லை. பருந்து வருவது மேலிருந்து அல்லவா? பக்கவாட்டிலிருந்து மெல்லக் கொண்டுசென்று, நடுவுடலின் அடியில் கொடுத்துத் தாங்கி எடுக்கிறார்கள். தலையையோ வாலையோ பிடிப்பதில்லை. முதல் நாட்களில் ஐந்து நிமிடம் போதும். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள். பிறகு படிப்படியாகப் பத்து, பதினைந்து நிமிடம். பாம்பு கையினின்று கையாக ஊர்ந்து செல்ல விடுகிறார்களேயன்றி இறுக்கிப் பிடிப்பதில்லை. இறுக்கிப் பிடித்தல் என்பது அதன் அறிவில் இரையாக அகப்படுவதே.

குட்டி கடித்தால் என் செய்வது? கையை வெடுக்கென்று இழுத்தலாகாது. அதன் பற்கள் உட்புறம் வளைந்தவை; இழுத்தால் நம் தோலும் கிழியும், அதன் பல்லும் முறியும். மேலும், கடித்தவுடன் அதனைக் கீழே விட்டுவிட்டால், 'கடித்தால் விடுதலை உண்டு' என்ற பாடத்தை நாமே கற்பித்தவர்கள் ஆவோம். சற்று அசையாதிருந்து, அது அமைதியுற்ற பின்னரே இருப்பிடத்தில் விடுதல் வேண்டும்.

எடுக்கக்கூடாத காலங்களும் உண்டு. இரை உண்ட பின் இரண்டு நாட்கள் தொடலாகாது. தொட்டால் உண்டதைக் கக்கிவிடும். தோலுரிக்கும் பருவத்தில் கண்மேல் செதில் நீலம் பாய்ந்து மங்கும், பார்வை தெளிவின்றி அது மிகவும் அஞ்சியிருக்கும், அப்போதும் தொடலாகாது. இரையைக் கையால் கொடாமல் இடுக்கியால் கொடுத்தல் வேண்டும். எலியின் மணம் கையில் இருந்தால், கை எது, இரை எது என்று பாம்பு பிரித்தறியாது.

இவ்வாறு சில வாரங்களோ சில மாதங்களோ கழிந்தால், சீறிய குட்டி அமைதியாகக் கையில் ஊர்கிறது. இதனை அன்பு என்று கொள்ளலாமா? அறிவியலார் அவ்வாறு கொள்வதில்லை. தீங்கு விளைவிக்காத ஒரு தூண்டுதல் திரும்பத் திரும்ப வரும்போது, அதற்கு எதிர்வினை குறைந்துகொண்டே போவது உயிர்களின் பொது இயல்பு. 1980-களில் கோர்டன் பர்கார்ட், ஹரால்ட் ஹெர்சாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் நஞ்சற்ற சிறு பாம்புகளின் குட்டிகளிடம் இதனை ஆராய்ந்தார்கள். இனத்துக்கு இனமும், ஒரே இனத்தில் குட்டிக்குக் குட்டியும் பழகும் வேகம் வேறுபடுவதை அவர்கள் கண்டார்கள். ஆகவே பழகிய பாம்பு என்பது நம்மை விரும்பும் பாம்பு அன்று. நம்மை அஞ்சுதல் வேண்டாம் என்று கண்டுகொண்ட பாம்பு. அந்தத் தெளிவு நஞ்சுடைய பாம்பைப் பொறுத்தவரை உயிர்காக்கும் தெளிவாகும். நூறு நாள் அஞ்சாதிருந்த நாகம் நூற்றோராம் நாள் ஒரு நிழலைக் கண்டு அஞ்சலாம். ஒரு முறை அஞ்சினாலே போதும்.

இந்த உண்மையை ஏட்டறிவின்றி அறிந்தவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களுடைய பழைய பிழைப்பை முடித்துவைத்தன. சென்னையில் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்த ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், 1978-இல் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்சு எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே சென்றுவந்திருக்கிறது. இவர்கள் எந்தப் பாம்பையும் பழக்க முயல்வதில்லை என்பது கருதத்தக்கது. பாம்பின் அச்சத்துக்கு ஏற்பத் தம் கையைப் பழக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

இனி அந்தமானுக்கு வருவோம். இத்தீவுகளின் பாம்புகள் தாய்நிலத்துப் பாம்புகளின் உறவினங்களே எனினும் பெரும்பாலும் தனி இனங்கள். அந்தமான் நாகம், அந்தமான் கட்டுவிரியன், அந்தமான் குழிவிரியன் ஆகியவை இத்தீவுகளுக்கே உரியன. இராச நாகமும் இங்கு உண்டு. நிக்கோபார்த் தீவுகளில் வலைக்கோடுகள் அணிந்த பெரிய மலைப்பாம்பு வாழ்கிறது. நஞ்சில்லாத மரப்பாம்புகளும் ஓநாய்ப் பாம்புகளும் பல. கட்டுவிரியன் குட்டிக்கும் பட்டையுடைய ஓநாய்ப் பாம்புக்கும் வேறுபாடு காண்பது பழகாத கண்ணுக்கு அரிது. நஞ்சுடைய இனத்தின் குட்டி, பிறந்த அன்றே நஞ்சுடையது. நாட்டில் வழங்கும் நஞ்சுமுறி மருந்து, மேலே கூறிய தாய்நிலத்து நால்வகைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுவது என்பதையும் இங்கே நினைவில் இருத்துதல் வேண்டும். ஆகவே, 'சிறிய குட்டிதானே' என்று கையில் எடுப்பது பேதைமை. சட்டமும் அதற்கு இடங்கொடுக்கவில்லை; நம் நாட்டுக் காட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது குற்றமாகும்.

அப்படியாயின் அயல்நாட்டுப் பாம்பை வாங்கி வளர்க்கலாமே எனலாம். பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் வரும் அயல் உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என்று 2024-இல் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்க, தீவில் வாழ்வோர் எண்ண வேண்டிய வேறொன்றும் உண்டு. பசிபிக் கடலில் குவாம் என்றொரு தீவு. இரண்டாம் உலகப்போரின் பின்னர், சரக்குகளோடு மறைந்து வந்த பழுப்பு மரப்பாம்பு அங்கே பெருகியது. அத்தீவின் பன்னிரண்டு காட்டுப் பறவை இனங்களுள் பத்து அங்கிருந்து மறைந்தன. அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது இன்னும் நம் பொருளுக்கு நெருங்கியது. வீட்டில் வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் வளர்ந்து பெரிதானதும், சலித்தவர்கள் அவற்றைச் சதுப்புக் காட்டில் விட்டார்கள். சில தாமே தப்பின. அவை பெருகி அங்குள்ள சிறு விலங்குகளை அழித்துவருகின்றன. 2012-இல் அந்நாட்டு அரசு அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. 2017-இல் அவற்றைத் தேடிப் பிடிக்க உதவுமாறு அழைக்கப்பட்டவர்கள் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஆவர். முதல் எட்டு நாட்களில் பதின்மூன்று பாம்புகள் பிடிபட்டன. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பழக்குவதற்கென்று வாங்கிப் பொறுமை இழந்தோர் விட்டுச்சென்ற வினையைத் தீர்க்க, கடல் கடந்து தமிழர் செல்ல வேண்டியதாயிற்று.

அந்தமான் காட்டிலும் இத்தகைய வினைக்குச் சான்றுகள் ஏற்கெனவே உள்ளன. ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமான் கன்றுகளையும் தளிர்களையும் மேய்ந்து காட்டின் மறுவளர்ச்சியைத் தடுக்கிறது. தாய்நிலத்திலிருந்து வந்த பெருந்தவளை, இங்குள்ள சிறு தவளைகளையும் பல்லிகளையும் உண்டு பெருகுகிறது. வேறெங்கும் இல்லாத பறவைகளும் ஊர்வனவும் வாழும் இத்தீவுகளில், தப்பியோடும் ஒரு பாம்பிணை போதும்.

ஆகவே தீவில் வாழ்வோர் பழக வேண்டிய முறை வேறு. பாம்பைக் கண்டால் சில அடிகள் விலகி நில்லுங்கள். அது போகும் வழியை மறிக்காதீர்கள். பெரும்பாலும் தானே போய்விடும். வீட்டினுள் தங்கிவிட்டால் குழந்தைகளை அகற்றி, வனத்துறையினருக்குச் செய்தி அனுப்புங்கள். இரவில் விளக்கின்றி நடவாதீர்கள். தரையிற் படுப்போர் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டைக் குவியலிலும் விறகடுக்கிலும் கையை நுழைக்குமுன் கோலால் தட்டுங்கள். அதிர்வை உணர்ந்து அது விலக வழி கிடைக்கும். கடிபட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடா. மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலைநகரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது; பிற தீவுகளில் இருப்போர் முதலில் அணுகவேண்டியது அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையம்.

நகரத்தில், சட்டப்படி பதிவு செய்து ஒரு சிறு பாம்பை வளர்ப்போருக்கும் ஒரு சொல். பந்து மலைப்பாம்பு முப்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஐந்து நிமிடப் பொறுமையை முப்பது ஆண்டு காக்க இயலுமா என்று வாங்குமுன் எண்ணிப் பாருங்கள். இயலும் என்போர் வளர்க்கட்டும். இயலாதென்போர் விலங்குக் காட்சிச் சாலையிற் கண்டு மகிழட்டும். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்றனர் நம் முன்னோர். பாம்பும் நம்மைக் கண்டு நடுங்குகிறது என்பதை அறிந்தவர் கையில் தடியும் எழாது, அதனைப் பிடிக்கும் ஆசையும் எழாது.