கழிவு வெப்பமும் ஒரு சரக்கே!



எள்ளை ஆட்டினால் பிண்ணாக்கு, நெல்லை அரைத்தால் தவிடு, சர்க்கரை மூட்டையைக் காலி செய்தால் வெறுஞ்சாக்கு. இவை எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்பதை நாம் அறிவோம். ஐரோப்பிய நாடுகளில் இன்று கழிவு வெப்பத்துக்கும் விலை வைத்து விற்கிறார்கள்.

கடையில் வாடிக்கையாளர் செல்போன் மூலம் செலுத்தும் பணத்தின் கணக்கு, தரவு மையம் எனப்படும் கட்டடங்களில் உள்ள கம்ப்யூட்டர்களில் பதிவாகிறது. அவை இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அதைத் தணிக்கவும் மின்சாரம் செலவாகிறது.

டென்மார்க்கின் ஓடென்சே நகரில் பேஸ்புக்கை நடத்தும் நிறுவனத்தின் தரவு மையம் உள்ளது. கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றைக் கொண்டு குழாயில் ஓடும் தண்ணீரைச் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூடு வீடுகளுக்குப் போதாது. எனவே வெப்ப பம்ப் என்ற இயந்திரத்தால் அதை உயர்த்துகிறார்கள். நம் கடை பிரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுகிறதல்லவா, இதுவும் அதே வேலைதான். பிறகு நிலத்தடிக் குழாய் வழியே வெந்நீர் வீடுகளுக்குப் போகிறது. 6,900 வீடுகளுக்குப் போதுமான வெப்பம் கிடைக்கும் என்று 2020-இல் அந்நிறுவனம் கணக்கிட்டது.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2014 முதல் நகர வெப்ப நிறுவனமே இத்தகைய வெப்பத்தை விலைக்கு வாங்குகிறது. தரவு மையங்கள் மட்டுமின்றி, குளிர்பெட்டிகள் வைத்துள்ள மளிகை சூப்பர் மார்க்கெட்டுகளும் விற்கலாம். குளிர் கூடினால் விலை ஏறும்; கோடையில் இறங்கும்.

ஆனால் இச்சரக்கை மூட்டை கட்டி வெளியூர் அனுப்ப முடியாது. வாங்குபவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாய் போட வேண்டும். வெப்ப பம்புக்கு மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். அயர்லாந்தின் டாலாட் பகுதியில் 2023 முதல் அமேசான் நிறுவனம் அரசு அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் வெப்பத்தை இலவசமாகவே தருகிறது. ஆயினும் குழாய்க்கும் பம்புக்கும் பணம் போட்ட பிறகே அது பயனுக்கு வந்தது. சரக்கு இலவசம், வண்டிக்கூலி நம்முடையது என்பது போலத்தான்!

நம் ஊர் வெயிலில் வீட்டைச் சூடாக்க யாரும் பணம் தரமாட்டார்கள். எனினும் நம் கடைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி, பின்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் வெப்பம் வெளியேறாமல் இயந்திரம் கூடுதலாக ஓடும். மின் கட்டணமும் கூடும். வெப்பத்தை விற்க இயலாவிட்டாலும், அது வெளியேற வழி விடுவோம்!