சட்டைக்குள் ஒரு ரிவால்வர்

"அண்ணே, சட்டைக்குள்ள வெச்சா வெளிய தெரியக் கூடாது. சின்னதா, கையடக்கமா இருக்கணும். எது வாங்கலாம்?"

படப்பையில் என்னைத் தெரிந்தவர்கள் பலர் இந்தக் கேள்வியோடு வந்திருக்கிறார்கள். ராணுவத்தில் நான் ஆர்மரர். ரைஃபிளையும் பிஸ்டலையும் பிரித்துப் பழுது பார்த்து, சரியாகச் சுடுகிறதா என்று சோதித்துத் திருப்பிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அதனால் துப்பாக்கி என்றால் 'மிலிட்டரிக்காரரைக் கேளு' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கேட்பவர்கள் வெட்டி ஆட்கள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம் வரை ஆலைகள் வந்த பிறகு இந்த ஊர்களில் பணம் புரளும் வேகமே மாறிவிட்டது. ஏரிப் பாசன நிலத்தை விற்றுக் கோடி பார்த்தவர் இருக்கிறார். வடமாநிலத் தொழிலாளர்களை அழைத்து வந்து வேலைக்கு விடும் லேபர் காண்ட்ராக்டர் இருக்கிறார். ஆலைகளின் இரும்புக் கழிவை டெண்டரில் எடுப்பவர் இருக்கிறார். இந்த ஸ்கிராப் தொழிலில் மாமூல், மிரட்டல், வெட்டு குத்து எல்லாம் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த கதை. கடைசியாக என்னிடம் வந்த தம்பியும் ஸ்கிராப் டெண்டர் விஷயமாக போனில் மிரட்டப்பட்டவர்தான். அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடு நேரே துப்பாக்கிக் கடைக்குப் போவதைத்தான் நான் தடுக்கிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இடுப்பில் துப்பாக்கியை மறைத்துக் கொண்டு நடக்க பெர்மிட்டே வேண்டியதில்லை. அங்கே கடையில் நூறு மாடல் பார்த்து, கைக்கு ஏற்றதை எடுக்கலாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து இருப்பது உண்மை என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மறுக்கலாம். மறுத்தால் மேல்முறையீடு உண்டு, உரிமை என்று வாதாட முடியாது.

2016 கடைசியில் நாடு முழுக்க இருந்த 33 லட்சத்துச் சொச்சம் உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். இந்தக் கணக்கைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறவன்.

உரிமம் கிடைத்தாலும் கைக்கு எட்டுவது சில துப்பாக்கிகள்தான். போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் 9 எம்.எம். பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகை, சாதாரண ஆளுக்குக் கிடையாது. தனியாருக்கான இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதனால் தாத்தா காலத்து வெளிநாட்டு ரிவால்வர்கள் இன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. மீதி இருப்பது பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 ரிவால்வர். அந்தத் தொழிற்சாலைகளில் சிறு ஆயுதம் செய்பவை 2021 அக்டோபரிலிருந்து கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதில் ஒன்று.

இந்த வரிசையில் 'சின்னது வேண்டும்' என்று கேட்பவர் கண்ணில் முதலில் படுவது 'நிர்பீக்'. டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், பெண்களுக்கென்று சொல்லி கான்பூரில் வெளியிட்ட .32 ரிவால்வர். டைட்டானியம் கலவையில் செய்து எடையை 500 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை அன்றைக்கே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். பஸ்ஸில் போன ஒரு பெண்ணுக்கு நடந்ததற்கு இதுதானா பதில் என்று அப்போதே பெண்கள் அமைப்புகள் கேட்டன. எனக்கும் அதே கேள்விதான். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்கு நடக்கும் பெண்ணுக்குத் தேவை தெருவிளக்கும், கூப்பிட்டால் வரும் போலீஸும். அதற்கடுத்து வந்த 'நிடர்' இன்னும் சின்னது, .22, எடை 250 கிராம்தான்.

எடை குறைந்தால் நல்லதுதானே என்பார்கள். வேலைக்கூடத்தில் நான் கண்டது வேறு. தோட்டா முன்னால் பாயும் வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். துப்பாக்கி கனமாக இருந்தால் அந்த உதையைத் தானே வாங்கிக் கொள்ளும், லேசாக இருந்தால் கைக்கு அனுப்பிவிடும். இரண்டாவது தோட்டாவுக்குள் குழல் வானத்தைப் பார்க்கும். அடுத்தது குறி. முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 10 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். அந்த இடைவெளி 5 செ.மீ. ஆனால் அதே ஒரு மில்லிமீட்டருக்கு 20 செ.மீ. பதற்றத்தில் நடுங்கும் கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்காது. விசை இன்னொன்று. ரிவால்வரில் விசையை இழுத்தால் சிலிண்டரும் சுழல வேண்டும், சுத்தியலும் பின்னால் போக வேண்டும். அதனால் இழுப்பு நீளம், கனமும் கூட. துப்பாக்கியின் எடையைவிடப் பல மடங்கு பலத்தை ஒரு விரல் போடும்போது, லேசான துப்பாக்கி பக்கவாட்டில் திரும்பிவிடும். பிடியும் குட்டையாக இருந்தால் சுண்டு விரலுக்கு இடமே இருக்காது. ஆகவே சின்னத் துப்பாக்கி சுடுவதற்குக் கஷ்டமான துப்பாக்கி. நன்றாகத் தேறியவன் கையில்தான் அது பயன்படும், ஆனால் புதிதாக வாங்குபவர்தான் அதைக் கேட்கிறார்.

பிஸ்டலா, ரிவால்வரா என்றும் கேட்பார்கள். பிஸ்டல் தட்டை, சட்டைக்குள் புடைக்காது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். ரயில் பெட்டிவரை யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோக முடிந்ததற்கு அந்தத் தட்டை வடிவமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் வைக்கும் ஒருவருக்கு நான் பிஸ்டலைச் சொல்ல மாட்டேன். மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு 'காலிதான்' என்று நினைத்துக் கொள்வார்கள். சேம்பருக்குள் ஒரு ரவுண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் நாங்கள் காலி என்று சொல்வோம். அதைச் செய்ய மறந்த வீடுகளில்தான் துடைக்கும்போது வெடித்தது, பையன் எடுத்து விளையாடும்போது வெடித்தது என்று செய்தி வருகிறது. ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்தால் ஆறு துளையும் கண் முன்னே இருக்கும். பித்தளை தெரிந்தால் தோட்டா இருக்கிறது, வெளிச்சம் தெரிந்தால் இல்லை.

ஆகவே உண்மையிலேயே உரிமம் பெற்றவர் என்னைக் கேட்டால் என் பதில் ஒன்றுதான். முழு எஃகில் செய்த, 700 கிராம் அளவுள்ள .32 ரிவால்வர். 2023இல் கான்பூரில் வெளியிட்ட 'பிரபல்' போல சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய மாடலில் துப்பாக்கியையே நடுவில் மடக்கித் திறக்க வேண்டும், அந்தக் கீல் தேய்ந்து ஆட்டம் கண்ட ரிவால்வர்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் முதலில் அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மறைத்துக் கொண்டு போவது பற்றி நம் விதியிலேயே இருக்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதே குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால், 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எங்கே மூடி வைப்பது? நம் ஆட்கள் பாதி நாள் வேட்டி. பச்சை பெல்ட்டில் முக்கால் கிலோ இரும்பைச் செருகினால் வேட்டியோடு சேர்ந்து இறங்கும். பேன்ட் பாக்கெட்டில் சாவி, சில்லறையோடு போட்டால் எது எதில் மாட்டும் என்று தெரியாது. நல்ல கனமான தோல் பெல்ட், விசையை முழுக்க மூடும் உறை, இரண்டும் இல்லாமல் வெளியே கிளம்பக் கூடாது. படப்பையில் சித்திரை மாதத்தில் ஒரு பகல் உடம்போடு ஒட்டி வைத்துப் பாருங்கள். வியர்வை உப்பில் மறுநாளே பழுப்புத் துரு புள்ளி புள்ளியாகப் பூத்துவிடும். தோல் உறை அந்த ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக் கொள்ளும். தினமும் கழற்றி, துடைத்து, லேசாக எண்ணெய் போட வேண்டும். உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், திருப்பதி போகிறவர் ஊத்துக்கோட்டை தாண்டிய நிமிடமே குற்றவாளி. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

இத்தனையும் ஒருவர் சரியாகச் செய்துவிட்டார் என்றே வைத்துக் கொள்வோம். அப்போதாவது துப்பாக்கி காப்பாற்றுமா? 2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில் தான் கட்டிக் கொண்டிருந்த வீட்டின் முன்னால் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஒப்படைத்ததை ஜூன் மாதமே திரும்பப் பெற்றுவிட்டார் என்று போலீஸ் அப்போது சொன்னது. வந்தவர்கள் உணவு டெலிவரி ஆட்கள் போல உடையணிந்து வந்ததாகச் செய்தி. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தனக்கு ஆபத்து என்று தெரிந்தவர், தற்காப்புக் கலை தெரிந்தவர், ஆயுதம் உள்ளவர். அரிவாளோடு நாலைந்து பேர் கைக்கெட்டும் தூரத்தில் பாய்ந்தால், உறையைத் திறந்து, எடுத்து, நீட்டி, விசையை இழுக்கும் அந்த இரண்டு மூன்று விநாடி யாருக்கும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் பகை தீர்க்கும் முறை பெரும்பாலும் இதுதான் என்பதைத் துப்பாக்கி கேட்டு வருபவர்கள் யோசிப்பதே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக் கொண்டார். காலம் காலமாகச் சேர்ந்து நடித்தவர்கள். பேசிக் கொண்டிருந்தபோது ரிவால்வர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இருவரும் பிழைத்தார்கள், ஆனால் எம்.ஜி.ஆரின் குரல் பழைய குரலாகத் திரும்பவே இல்லை. பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு, குடித்துவிட்டு வரும் மச்சானோடு வாய்ச்சண்டை, இவையெல்லாம் இல்லாத வீடு நம் பக்கத்தில் எத்தனை?

குண்டு எங்கே போய் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். படப்பையைச் சுற்றி வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கதவு, ஒரு அறையில் பத்துப் பேர் தூங்குவார்கள். குறி தவறிய .32 குண்டு தகரத்தில் நிற்காது. 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை நார்த்தாமலை பக்கம், சுடுதளத்திலிருந்து வழி தவறி வந்த ஒரு ரைஃபிள் குண்டு, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அந்தப் பிள்ளை இறந்தது. பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே அமைத்த இடத்தில் சுட்டார்கள். தெருவில் பயந்து சுடுபவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஸ்கிராப் தம்பியை முதலில் மிரட்டல் போனின் நம்பரோடு ஸ்டேஷனில் புகார் கொடுத்து, ரசீது வாங்கச் சொன்னேன். ஆபத்து உண்மை என்றால் அந்தப் புகார்தான் நாளைக்கு உரிம விண்ணப்பத்துக்கும் ஆதாரம். கேட் முன்னாலும் சந்து முனையிலும் கேமரா, பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புவது, தினமும் ஒரே நேரம் ஒரே வழியில் போகாமல் இருப்பது, தனியாக பைக்கில் சுற்றாமல் இருப்பது, இதையெல்லாம் செய்துவிட்டு வா என்றேன். "முங்கேர் சரக்கு ஒண்ணு கம்மி விலைக்கு இருக்குன்னு ஒருத்தன் சொல்றான்ணே" என்று தயங்கியபடி சொன்னார். பீகாரின் முங்கேரில் திருட்டுத்தனமாகச் செய்யும் துப்பாக்கியைச் சொல்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏதோ ஒரு பைப்பைக் கடைந்து குழல் என்று மாட்டியிருப்பான், சுட்டவன் கையிலேயே வெடிக்கும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து வருடம். 9 எம்.எம். போலத் தடை செய்யப்பட்ட வகை என்றால் ஏழு முதல் பதினான்கு வருடம். மிரட்டியவன் வெளியே இருப்பான், நீ புழல் சிறையில் இருப்பாய் என்று சொல்லி அனுப்பினேன். புகார் கொடுத்தார், கேமரா போட்டார். துப்பாக்கி வாங்கவில்லை.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவோ தாத்தாவோ உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கி அவர் காலத்துக்குப் பிறகும் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடந்தால், அதை எடுத்துத் துடைக்கவோ விசையை இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். உரிமம் இறந்தவரோடு முடிந்தது. வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம், வேண்டாமென்றால் விற்றுவிடலாம். அதுவரை அதை வீட்டில் வைத்திருப்பது சட்டவிரோதம். முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி அங்கேயோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ இந்த வாரமே ஒப்படைத்து, மறக்காமல் ரசீது வாங்கிக் கொள்ளுங்கள்.